வந்தவர் மறுபடியும் வர: சிறு உணவகத்தாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறு உணவகம் நடத்துவோர் தங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கைப்பேசி வழியாகப் பேர் எடுப்பது எப்படி, அப்படி வருகிறவர்களை நிலையான வாடிக்கையாக மாற்றுவது எப்படி என்ற இரண்டையும் சுற்றியே பெரும்பாலான கடிதங்கள் இருந்தன. திருச்சியில் இருபது ஆண்டுகள் மெஸ் நடத்திக் கல்லாவில் உட்கார்ந்தவன் என்ற முறையில், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: நாற்பது பேர் உட்காரக்கூடிய சைவ மெஸ் நடத்துகிறோம். இன்ஸ்டாகிராமில் உணவக விமர்சனம் செய்யும் ஒருவர், ஒரு ரீல்ஸ் போடுவதற்கு ரூ.15,000 கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவருக்குப் பதில் சொல்லும் முன் உங்கள் பந்தியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியம் 12 மணி முதல் 3 மணி வரை சாப்பாடு, ஒருவர் இலையில் உட்கார்ந்து எழுந்திருக்க அரை மணி நேரம் என்றால், ஆறு பந்திக்கு மேல் போகாது. ஒவ்வொரு பந்தியும் நிரம்பினாலும் 240 சாப்பாடுதான். இப்போதே 180 சாப்பாடு போகிறது என்றால், உங்களிடம் மிச்சம் இருப்பது 60 இலை. அந்த ரீல்ஸ் நன்றாக ஓடிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்பவர்கள் 60 பேரோடு நிற்க மாட்டார்கள். சாம்பாரில் தண்ணீர் ஏறும், ஒரு மணிக்கே பொரியல் தீரும், சப்ளையர்கள் எரிந்து விழுவார்கள். தொலைவிலிருந்து வந்தவர் "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போனால் போகட்டும். பத்து ஆண்டுகளாக ஒரே மூலையில் உட்கார்ந்து சாப்பிடும் வங்கி ஊழியர், இடம் கிடைக்காமல் எதிர்க்கடைக்குப் போய் அங்கே சாப்பிட்டுப் பார்ப்பாரே, அந்த நஷ்டத்தை எந்த ரீல்ஸாலும் ஈடுகட்ட முடியாது.

டெல்லி மாளவியா நகரில் 'பாபா கா தாபா' என்ற சிறு கடைக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். வியாபாரம் இல்லாமல் கலங்கிய முதியவரின் காணொளி 2020 அக்டோபரில் பரவியதும், மறுநாளே அந்தக் கடையில் நகரமே வரிசையில் நின்றது. டிசம்பரில் அவர் பெரிய உணவகம் ஒன்றைத் திறந்தார். வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஈடாக விற்பனை இல்லாமல் 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார். இரக்கத்தாலும் ஆர்வத்தாலும் வந்த அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடப் பொய்யாக வரவில்லை. ஆனால் பெரும்பாலோர் ஒரு படம் எடுத்துக்கொள்ள ஒரு முறை வந்தவர்கள். அந்தத் தெருவில் வசிப்பவர்களோ, தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களோ அல்லர்.

ஆகவே என் பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதே. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலைகள் பாக்கி இருக்கின்றன. கூகுள் மேப்பில் உங்கள் கடையின் நேரம் சரியாக இருக்கிறதா, வார விடுமுறை குறிக்கப்பட்டிருக்கிறதா, இரண்டு ஆண்டுக்கு முந்தைய விலைப்பட்டியலே இன்னும் அங்கே தொங்குகிறதா என்று பாருங்கள். கோயில் பார்க்க வருகிறவர்கள் உங்களைத் தேடுவது அங்கேதான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்குக் கடப்பா போடுகிறீர்கள் என்றால், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் கொதிக்கும் அந்த அடுப்பை உங்கள் கைப்பேசியிலேயே முப்பது விநாடி படம் பிடித்துப் போடுங்கள். பின்னணி இசை வேண்டாம், கரண்டிச் சத்தமே போதும்.

எப்படியும் விமர்சகரை அழைத்தே தீருவது என்று வீட்டில் முடிவானால், இரண்டு நிபந்தனைகள் வையுங்கள். கூட்டம் குறைந்த வார நாளில், நீங்கள் நிறையச் செய்யக்கூடிய ஒரு பலகாரத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள். பணம் வாங்கியதை அவர் காணொளியிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். பணமோ இலவசச் சாப்பாடோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமும் இருக்கிறது.

கேள்வி: கூகுளில் யாரோ ஒருவர் எங்கள் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, தோசை ஆறிப்போயிருந்தது, பரிமாறியவர் மரியாதை இல்லாமல் பேசினார் என்று எழுதியிருக்கிறார். அவர் வந்தாரா என்றே எங்களுக்குச் சந்தேகம். உறவினர்களைக் கொண்டு இருபது நல்ல விமர்சனம் எழுதச் சொல்லலாமா?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். ஒரே நாளில் இருபது பேர் "சூப்பர், அருமை" என்று எழுதினால் படிக்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும். பாயசம் இலவசமாகக் கொடுத்து விமர்சனம் வாங்குவதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானது. சொல்லி வைத்து எழுத வைத்தவற்றை அவர்களே நீக்கவும் கூடும். வராத ஆள் எழுதினார் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த விமர்சனத்தைப் புகார் செய்ய அங்கேயே வசதி உண்டு. வெறுமனே குறை சொல்லியிருக்கிறார் என்பதற்காக நீக்க மாட்டார்கள்.

ஆனால் அலட்சியப்படுத்தவும் வேண்டாம். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் 'யெல்ப்' என்ற விமர்சனத் தளத்தில் அவை பெற்ற நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. எனக்குச் சுவையாகப் பட்டது அடுத்த செய்திதான். இந்த விளைவு தனி உணவகங்களிடம் மட்டுமே தெரிந்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களைப் பாதிக்கவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. கிளைக்கடையில் என்ன கிடைக்கும் என்பது போகிறவருக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் கடையைப் பற்றிச் சொல்ல, சாப்பிட்டவர்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரசத்தில் முடி கிடந்ததாக ஒருவர் எழுதியபோது, இரவு பதினொரு மணிக்குக் கடையை மூடிவிட்டு வந்த அசதியில், "எங்கள் கடையில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை, யாரோ போட்டிக்காரர் அனுப்பிய ஆள் நீங்கள்" என்று பதில் எழுதிவிட்டேன். சில வாரம் கழித்துப் புதிதாக வந்த ஒருவர் கல்லாவில் பணம் கொடுக்கும்போது, "முடியைப் படித்துக்கூட நான் யோசிக்கவில்லை, உங்கள் பதிலைப் படித்துத்தான் வரலாமா என்று யோசித்தேன்" என்றார். அன்றிலிருந்து இரவில் பதில் எழுதுவதை விட்டேன்.

பதில் என்பது குறை சொன்னவருக்கு எழுதுவதுபோல் இருந்தாலும், படிக்கப்போகிறவர்கள் இன்னும் உங்கள் கடைக்கு வராதவர்கள். எந்த நாள், என்ன பலகாரம், என்ன நடந்தது, இப்போது என்ன மாற்றம் என்று நான்கு வரி எழுதுங்கள். "செவ்வாய் இரவு இரண்டு தோசைக்கல்லில் ஒன்று பழுதாகிவிட்டதால் தாமதம் ஏற்பட்டது, ஆறிய தோசையை மாற்றித் தந்திருக்க வேண்டும், தரவில்லை, அது எங்கள் தவறு" என்பதுபோல உண்மையை எழுதினால் போதும். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று எல்லோருக்கும் ஒரே வரியை ஒட்டுவதைவிடச் சும்மா இருப்பது மேல்.

கேள்வி: அசைவ உணவகம் நடத்துகிறேன். புரட்டாசி மாதம் வந்தால் கடையே காற்றாடுகிறது. வாட்ஸ்அப் மூலம் வாடிக்கையாளர்களைத் தக்கவைத்துக்கொள்ள முடியுமா? எண்களை எப்படிச் சேர்ப்பது?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முடியும், ஆனால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்பினால் முடியாது. புரட்டாசியில் விரதம் இருப்பவருக்கு மட்டன் சுக்காவின் படத்தை அனுப்பினால், அவர் உங்கள் எண்ணை முடக்குவதோடு மனதில் ஒரு கசப்பையும் வைத்துக்கொள்வார். அவர் விரதம் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் நீங்கள் கேட்கும் வாடிக்கையின் அடிப்படை.

வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி இலவசம். அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் அடையாளக் குறிப்பு போடலாம். "புரட்டாசி சைவம்", "மாலை போடுபவர்", "ஞாயிறு பிரியாணி பார்சல்", "காரம் குறைவு" என்று உங்கள் ஊருக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ளுங்கள். நூறு பேரைப் பிரிக்க ஒரு வாரம் ஆகும். கல்லாவில் கூட்டம் இல்லாத நான்கு மணியளவில் செய்யலாம். பிறகு, புரட்டாசி முதல் தேதிக்கு முன்னால், இந்த மாதம் காளான் பிரியாணியும் சைவச் சாப்பாடும் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில் செய்கிறோம் என்று, உண்மையிலேயே அப்படிச் செய்வதானால் மட்டும், விரதக்காரர்களுக்குச் சொல்லுங்கள். தனிப் பாத்திரம் இல்லை என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அம்மாதம் ஆள்களுக்கு முறைவைத்து விடுப்புக் கொடுத்து, கடைக்கு வெள்ளை அடித்து, மாதம் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பதிவு எடுப்பது கௌரவமான வழி.

எண்களைச் சேர்ப்பதில் ஒரு நாசூக்கு வேண்டும். பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்று கட்டாயப்படுத்துவது கூடாது என்று 2023 மே மாதத்திலேயே மத்திய அரசு கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக எண் வாங்குகிறோம் என்று சொல்லி, ஒப்புதல் பெற்றுத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. எனவே உங்கள் எண்ணைக் கல்லாவில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, "பார்சலுக்கு முன்கூட்டியே சொல்ல விரும்புவோர் இந்த எண்ணுக்கு ஒரு வணக்கம் அனுப்புங்கள்" என்று போடுங்கள். அனுப்பியவரிடம், தினமும் செய்தி அனுப்பலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப்பின் ஒளிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட்) 256 பேர் வரைதான் சேர்க்க முடியும் என்பதோடு, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அவராக விரும்பிப் பதிந்துவைக்கும்படி நீங்கள் பயனுள்ளவராக இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள்.

தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேட்டஸில் ஒரே ஒரு படம்: இன்றைய குழம்பு என்ன, நாட்டுக்கோழி உண்டா, மீன் என்ன மீன். மதியம் இரண்டு மணிக்கு ஏதாவது தீர்ந்துவிட்டால், தீர்ந்துவிட்டது என்று அதையும் போடுங்கள். பலர் இதற்குத் தயங்குகிறார்கள். இல்லை என்று சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று பயம். வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து ஏமாந்து திரும்பாமல் காப்பாற்றிய கடையை யாரும் மறக்க மாட்டார்கள் என்பதை நான் கல்லாவிலிருந்து பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் வாழ்த்தைத் தானாக அனுப்பும் ஏற்பாடெல்லாம் வேண்டாம். அதை வங்கியும் அனுப்புகிறது, காப்பீட்டு நிறுவனமும் அனுப்புகிறது, யாரும் படிப்பதில்லை.

கேள்வி: மாலை நேரத்தில் வேனில் உணவு விற்கிறேன். காந்திபுரத்தில் ஒரு நாள், சிங்காநல்லூரில் ஒரு நாள் என்று இடம் மாறுவதால் நிலையான வாடிக்கையாளர் சேரவே மாட்டேன் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு முன்னோடி இருக்கிறார். 2008 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ராய் சோய் என்ற சமையற்கலைஞரும் நண்பர்களும் 'கோகி' என்ற வண்டியைத் தொடங்கினார்கள். கொரிய முறையில் சுட்ட இறைச்சியை டாக்கோ என்னும் மெக்சிகோவின் மடித்த ரொட்டியில் வைத்து விற்றார்கள். வண்டி எந்த இரவு எந்தத் தெருவில் நிற்கும் என்பதை ட்விட்டரில் அறிவித்தார்கள். வண்டி வந்து சேரும் முன்பே அங்கே வரிசை நின்றது. அலங்காரப் பேச்சு எதுவும் இல்லாமல், இடமும் நேரமும்தான் அவர்கள் போட்ட செய்தி. உங்களுக்கும் அதுவே போதும். மாலை ஐந்து மணிக்கு இடத்தின் வரைபடக் குறியை ஸ்டேட்டஸில் போடுங்கள். மழை வந்து வரமுடியாத நாளில் அதையும் போடுங்கள். கூடுமானால் கிழமையை மாற்றாதீர்கள். புதன் என்றால் சிங்காநல்லூர் என்று மூன்று மாதம் பழகிவிட்டால், கைப்பேசியைப் பார்க்காமலே வந்துவிடுவார்கள்.

கேள்வி: பத்துச் சாப்பாட்டுக்கு ஒரு சாப்பாடு இலவசம் என்று அட்டை போடலாமா?
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: பதினொரு சாப்பாட்டுக்குப் பத்தின் விலை என்றால், அது 9 சதவீதத் தள்ளுபடி. எப்படியும் வரப்போகிறவருக்கே அது பெரும்பாலும் போய்ச் சேரும். தனியாகத் தங்கி வேலை பார்க்கிறவர்கள் உங்கள் பகுதியில் இருந்தால், முன்பணம் வாங்கி மாதாந்திரச் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் பழைய மெஸ் முறை இதைவிட நல்லது. கையில் முதலும் வரும், நாளைக்கு எத்தனை இலை என்றும் தெரியும். ஊருக்குப் போனதால் மிஞ்சிய டோக்கனை மறுமாதம் ஏற்றுக்கொள்ளுங்கள். காலாவதி என்று சொல்லி எழுபது ரூபாய்க்காக ஒருவரை இழந்த மெஸ்களை நான் அறிவேன்.

கேள்வி: வீட்டுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வழியாக வரும் ஆர்டர்களில் கமிஷன் போக ஒன்றும் நிற்பதில்லை. அந்த வாடிக்கையாளர்களை நேரடியாக எங்களிடமே வாங்க வைக்க வழி உண்டா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: கமிஷன் கடைக்குக் கடை மாறும். 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 200 ரூபாய் பில்லில் 50 ரூபாயும், அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியாக 9 ரூபாயும், பார்சல் டப்பாவுக்கு 12 ரூபாயும் போனால் உங்களுக்கு 129 ரூபாய். தள்ளுபடியில் உங்கள் பங்கு இருந்தால் அதையும் கழியுங்கள். அதே பார்சலை உங்கள் பையன் இரண்டு கிலோமீட்டருக்குள் 25 ரூபாய்ச் செலவில் கொண்டுபோய்க் கொடுத்தால் 163 ரூபாய் நிற்கும். வித்தியாசம் 34 ரூபாய்.

இருந்தாலும் செயலியை விட்டு வெளியேறுங்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவுக்கு நேற்றுக் குடிவந்தவர் உங்களை முதலில் பார்ப்பது அதில்தான். பார்சலுக்குள் உங்கள் எண்ணை வைத்து அனுப்பலாமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். தடை இருந்தால் வைக்காதீர்கள். டப்பா ஒழுகாமலும், சட்னி தனியாகவும், கேட்ட குறிப்பை மதித்தும் போனால், கடைப் பெயரைப் பார்த்து அவரே வழி கண்டுபிடித்து வருவார். "வெங்காயம் வேண்டாம்" என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் வெங்காயம் போட்டு அனுப்பிவிட்டு வாடிக்கை வரவில்லை என்று வருந்துவோர் ஏராளம்.

கேள்வி: பதிவுகளை ஆங்கிலத்தில்தான் போட வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள்.
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: கூகுள் மேப்பில் கடைப் பெயரும் விவரமும் இரண்டு மொழியிலும் இருக்கட்டும், வெளியூர்க்காரர்கள் ஆங்கிலத்தில் தேடுவார்கள். மற்ற இடங்களில் கல்லாவில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படி எழுதுங்கள். வெள்ளைப்பணியாரத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் தேட வேண்டாம் என்று மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறது. வாடிக்கையாளரைத் தெரிந்துவைத்துக் கவனிப்பதெல்லாம் இந்த நிலையில் நடக்குமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வந்த கடிதங்களில் இதுவே முக்கியமானது என்று நினைக்கிறேன். யாருக்கு என்ன பிடிக்கும் என்பது முதலாளியின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் கல்யாணத்துக்குப் போகும் நாளில் கடை புதுக்கடை ஆகிவிடும். என் மெஸ்ஸில் சமையலறை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். "ஜன்னலோரப் பெரியவர்: முதலில் ரசம், உப்பு குறைவு. நீலச்சட்டை டிரைவர்: பத்து நிமிடத்தில் போக வேண்டும்" என்பதுபோல நான்கைந்து குறிப்புகள் அதில் இருக்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு, கடை திறக்கும் முன் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் கால் மணி நேரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று வாயால் சொல்லுவோம். ஒரு மாதத்தில் ஐம்பது முகம் பழகிவிடும். மொழி தெரியாத பையன்கூட, கேட்காமலே ரசத்தை எடுத்து வந்து ஊற்றினால் அந்தப் பெரியவர் அசந்துபோவார்.

சப்ளையருக்குச் சிறிய அதிகாரம் ஒன்றும் கொடுங்கள். அழுகிற குழந்தைக்கு ஓர் அப்பளம், சரியில்லை என்று சொன்ன பொரியலுக்குப் பதில் வேறொன்று என்பதற்கெல்லாம் அவர் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கக் கூடாது.

ஆள் நிலைக்காததற்குச் சம்பளம் மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் பீகாரில் சத் பூஜை. அப்போது ஊருக்குப் போகத் துடிக்கிறவரிடம் லீவு இல்லை என்று சொன்னால் அவர் சொல்லாமல் போவார், போனவர் திரும்ப மாட்டார். அவரோடு ஐம்பது முகங்களும் போய்விடும். முன்கூட்டியே முறைவைத்து, ரயில் டிக்கெட்டையும் நீங்களே எடுத்துக் கொடுத்தால் திரும்பி வருவார்.

கடைசியாக ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். தினமும் வருகிறவர் மூன்று நாள் வராவிட்டால் விசாரிக்க வேண்டும் என்று எங்கள் மெஸ்ஸில் ஏற்பாடு. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு தனியாக இருந்த ஒருவர் வராததைச் சொன்னது நானல்ல, தண்ணீர் வைக்கும் பையன். போய்ப் பார்த்தால் காய்ச்சலில் படுத்திருந்தார். நான்கு நாள் அவருக்கு ரசம் சாதம் போனது. பணம் பிறகு கணக்கில் எழுதிக்கொண்டோம், இலவசம் என்றால் அவர் வாங்கியிருக்க மாட்டார். வெளிநாட்டில் இருந்த அவர் மகன், அதன் பின் ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து நேராகக் குடும்பத்தோடு எங்கள் மெஸ்ஸுக்குத்தான் வந்தார்.